விரும்பிய ஆஃபர் வந்த பிறகும் மற்ற நேர்காணல்களுக்குச் செல்ல வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் மிகவும் விரும்பிய நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்திருக்கிறது. அடுத்த வாரம் வேறு இரண்டு நிறுவனங்களில் நேர்காணல் இருக்கிறது. அவற்றில் ஒன்று, நண்பர் ஒருவரின் பரிந்துரையால் கிடைத்து இறுதிச் சுற்றுவரை வந்திருப்பது. ஆஃபர் கடிதம் கைக்கு வரும்வரை இரண்டில் எதையும் ரத்து செய்ய வேண்டாம், கடிதம் வந்து அதை முழுமையாகப் படித்துக் கையெழுத்திட்டுவிட்டால் அன்றைக்கே இரண்டையும் ரத்து செய்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். வேலை தேடுபவனாகவும், ஆள் எடுக்கும் குழுவில் அமர்ந்து கேள்வி கேட்பவனாகவும் இருந்தவன் என்பதால், இரு தரப்பு நியாயங்களையும் மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

தொலைபேசியில் சொல்லப்படும் ஆஃபரை நம்பக் கூடாது என்பதல்ல என் கருத்து. சொல்பவர் பெரும்பாலும் உண்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதற்கும் கடிதம் வருவதற்கும் நடுவில் நிதிப் பிரிவின் ஒப்புதல், பதவி நிலைக்கேற்ற சம்பளத்தை உறுதி செய்தல், உங்களை நேரில் பார்த்தே இராத ஒரு மேலதிகாரியின் கையெழுத்து எனப் பல படிகள் இருக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றில் தாமதமானால், உங்களிடம் பேசிய அந்த ஹெச்.ஆர். அலுவலருக்கே காரணம் தெரியாமல் போகலாம். கடிதம் வந்த பிறகும் அதில் பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, முந்தைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருக்கக்கூடும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திடுபவர்கள் நான் பார்த்தவரை மிகப் பலர்.

கையெழுத்திட்ட பிறகும் ஆஃபர் திரும்பப் பெறப்படுவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பெறப்படுகிறது. 2022 ஜூனில், கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளமான காயின்பேஸ் நிறுவனம், ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆஃபர்களில் பலவற்றை ரத்து செய்வதாக வெளிப்படையாகவே அறிவித்தது. ஆனால் இதற்குப் பயந்து மற்ற நேர்காணல்களுக்குத் தொடர்ந்து சென்றுகொண்டிருப்பது சரியான பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு துறையில் நெருக்கடி வரும்போது அது ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. நீங்கள் மாற்றாக வைத்திருக்கும் நிறுவனமும் அதே மாதத்தில் ஆள் எடுப்பதை நிறுத்திவிடக்கூடும். உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: கடிதத்தில் உள்ள நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிவிட்டதாக எழுத்தில் உறுதி கிடைக்கும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாமல் இருப்பதும், மற்ற நிறுவனங்களிடமிருந்து விலகும்போது மறுபடியும் தொடர்புகொள்ளக்கூடிய விதத்தில் விலகுவதும்.

அடுத்தது காலக்கெடு. விரும்பிய நிறுவனம் உடனே பதில் கேட்டால், அந்த அவசரம் எதற்காக என்று யோசிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகள் பயிற்சி மருத்துவர்களைச் சேர்த்துக்கொள்ளப் போட்டியிட்ட 1940களில் இதே சிக்கல் பெரிதாக வெடித்தது. மாணவர்கள் யோசிப்பதற்கு 1945இல் 10 நாள் அவகாசம் என்று வகுக்கப்பட்டது; அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 1949 வாக்கில் 12 மணி நேரம்கூட அதிகம் என்று மருத்துவமனைகள் தரப்பில் நிராகரிக்கப்படும் நிலைக்கு வந்தது. மாணவர் வேறு இடங்களின் பதிலைப் பார்க்க முடியாமல் போனதே அந்தக் குறுகிய கெடுக்களின் விளைவு. இறுதியில் 1952இல், இரு தரப்பும் தத்தம் விருப்ப வரிசையைக் கொடுத்து ஒரே நாளில் முடிவு பெறும் பொதுவான முறை ஒன்று வந்த பிறகுதான் அந்தக் குழப்பம் அடங்கியது. நமக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே அவகாசத்தை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு வாரம் கேட்பது எவரையும் புண்படுத்தும் கோரிக்கை அல்ல. கேட்டதற்காகவே ஆஃபரை விலக்கிக்கொள்ளும் நிறுவனம், பணியில் சேர்ந்த பிறகு உங்களை எப்படி நடத்தும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

கடிதத்துக்குக் காத்திருக்கும் இந்த நாட்களில் ஒவ்வொரு நேர்காணலைப் பற்றியும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த நிறுவனம் தன்னால் தரக்கூடிய மிகச் சிறந்த ஆஃபரைத் தந்தால், என் முதல் விருப்பத்தை விட்டுவிட்டு இங்கே சேர்வேனா? 'சேரலாம்' என்று மனம் சிறிதளவேனும் சொன்னால் போங்கள். 'எதைத் தந்தாலும் சேர மாட்டேன்' என்றால், அந்த நேர்காணல் விரும்பிய ஆஃபர் தவறிப்போனால் கைகொடுக்கும் மாற்று ஏற்பாடு மட்டுமே; கடிதம் வரும்வரைதான் அதற்கு மதிப்பு. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும்போது, 'மிகவும் விரும்பிய நிறுவனம்' என்ற எண்ணம் சில நேரங்களில் சற்று ஆட்டம் காணும். பெயரையும் சம்பளத்தையும் தவிர அந்த இடத்தைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அப்படித் தோன்றினால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு நேர்காணலுக்கு ஓடுவதைவிட, ஆஃபர் தந்த நிறுவனத்திடமே, நான் யாருக்குக் கீழ் வேலை செய்யப்போகிறேனோ அவரோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தேர்வு முடிந்த பிறகு நடக்கும் அந்த உரையாடலில் மதிப்பெண் பற்றிய பயம் இராது. முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் ஏன் விலகினார், முதல் ஆறு மாதத்தில் எதை எதிர்பார்க்கிறார்கள், வேலை நேரம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பவற்றையெல்லாம் தயக்கமின்றிக் கேட்கலாம். இந்த உரிமையைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதே இல்லை.

'சேரும் எண்ணமில்லாவிட்டாலும் பயிற்சிக்காகப் போய் வரலாமே' என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதற்கட்டத் தொலைபேசி உரையாடல் என்றால் பெரிய இழப்பு யாருக்கும் இல்லை. இறுதிச் சுற்று அப்படியல்ல. நேர்காணல் செய்பவர்கள் மூன்று நான்கு பேர் தங்கள் வேலையை ஒதுக்கிவைத்து, உங்கள் விவரக் குறிப்பைப் படித்து, கேள்விகளைப் பகிர்ந்துகொண்டு வருகிறார்கள். உங்கள் முடிவு தெரியும்வரை இன்னொருவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இன்னொருவரின் இடத்தில் நாமும் பலமுறை இருந்திருக்கிறோம். தவிர, முடிவெடுத்துவிட்டு வருபவரை எதிரே இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவது அத்தனை கடினமில்லை: கேட்டதற்குப் பதில் வரும், ஆனால் வேலையைப் பற்றி அவர் திருப்பி எதையும் கேட்க மாட்டார்.

சம்பளப் பேச்சுக்கு இன்னொரு ஆஃபர் உதவும் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டாவது இடத்துக்கு நீங்கள் உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் மட்டுமே. 'சரி, அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள், வாழ்த்துகள்' என்று விரும்பிய நிறுவனம் சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்ள முடியாதவர் அந்த ஆட்டத்தில் இறங்காமல் இருப்பது நல்லது.

கையெழுத்திட்ட பிறகு நேர்காணலுக்குப் போவதை நான் ஒரே ஒரு சூழலில்தான் ஏற்றுக்கொள்வேன்: சேர வேண்டிய தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, மின்னஞ்சலுக்கும் அழைப்புக்கும் நிறுவனம் பதில் தராமல் இருக்கும்போது. மற்றபடி, ஒப்புக்கொண்டுவிட்டுச் சேராமல் போவதன் விளைவு அந்த நிறுவனத்தோடு முடிவதில்லை, ஏனென்றால் உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் நாளைக்கு வேறு நிறுவனங்களுக்கு மாறிச் செல்பவர்கள்தான்.

ரத்து செய்யும் மின்னஞ்சல் நான்கு வரிகளில் முடியட்டும். வாய்ப்புக்கு நன்றி, வேறொரு பணியை ஏற்றுக்கொண்டுவிட்டேன், ஆகவே இந்தத் தேர்விலிருந்து விலகிக்கொள்கிறேன், உங்கள் நேரத்துக்கு மதிப்பளித்தே முன்கூட்டித் தெரிவிக்கிறேன் என்ற அளவு போதும். எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நேர்காணலுக்கு ஒரு முழு வேலை நாளாவது முன்பாகச் சென்று சேரும்படி அனுப்புங்கள். நண்பர் பரிந்துரைத்த அந்த நிறுவனத்தில் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் நண்பரை அழைத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஹெச்.ஆருக்கு எழுதுங்கள். உங்களுக்காகப் பேசியவர் அவர். நீங்கள் விலகிய செய்தி அலுவலகத்தில் வேறொருவர் வாயிலாக அவர் காதுக்குப் போவது நன்றாக இராது.