நாய்க்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி வராமல் இயற்கை முறையில் காப்பது எப்படி? வேப்பெண்ணெய் தடவினால் போதுமா?

போதாது. வேப்பெண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். ஆனால் உண்ணி நாயின் மேல் இருப்பதைவிட உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் காலம்தான் அதிகம். நாயிடம் அது சாப்பிட மட்டும் வருகிறது. சாப்பிட வந்ததன் மேல் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தால், அடுத்த பந்திக்கு ஆள் சுவரிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

உங்கள் நிலைமை எனக்கு ஓரளவு புரிகிறது. வீட்டுக்குள் வளரும் நாய், அநேகமாக லாப்ரடார் மாதிரி ஏதாவது. காதுக்குள் உண்ணியைப் பார்த்துப் பதறி, யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று வேப்பெண்ணெய் வாங்கியிருப்பீர்கள். நாலு நாள் நன்றாக இருந்திருக்கும், வீடு முழுக்க நாறியிருக்கும், திரும்பவும் வந்திருக்கும். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். இங்கே இதைக் கேட்கிற முக்கால்வாசிப் பேருடைய கதை இதுதான்.

நான் கால்நடை டாக்டர் இல்லை. மருந்துக் கம்பெனி ஆளும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீழே ஓரிடத்தில் மாத்திரை என்று எழுதியிருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டு யாராவது வருவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு பழைய வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். முன்பு இருந்தவர்கள் காலி செய்தபிறகு பல மாதம் பூட்டியே கிடந்த வீடு. அவர்களிடமும் நாய் இருந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா பிற்பாடுதான் சொன்னார். எங்களோடு மணி வந்தான். சிப்பிப்பாறை கலப்பு, வெளிர் பழுப்பு, குட்டை முடி, மேலே என்ன ஒட்டினாலும் பளிச்சென்று தெரியும். பழைய வீட்டில் அவன் மேல் உண்ணியைப் பார்த்ததே அபூர்வம். இங்கே வந்து ஒரு மாதம் ஆவதற்குள் காது மடல், கால் விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழே என்று எல்லா இடத்திலும்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. மொபைல் டார்ச்சைத் தூக்கியபோது ஹால் கதவு நிலைக்கு மேலே ஏதோ நகர்ந்தது. மூட்டைப்பூச்சி என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் உண்ணி. ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பி, சாம்பல் நிறத்தில், கால்கள் மட்டும் முன்பக்கம் சின்னதாகத் துருத்திக்கொண்டு, மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. மர நிலைக்கும் காரைக்கும் நடுவில் இருந்த விரிசல்தான் அது போகிற இடம். பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு. மெயினை அணைத்துவிட்டு என் வீட்டுக்காரர் மூடியைக் கழற்றினார். உள்ளே மூலையில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு முட்டைக் குவியல், அதற்குப் பக்கத்திலேயே முட்டையிட்டுச் செத்த தாய்.

நம் ஊர் நாய்களிடம் அதிகம் பார்ப்பது பழுப்பு நிற நாய் உண்ணி. அதன் பழக்கமே இதுதான். வயிறு நிறைந்ததும் பெண் உண்ணி நாயை விட்டுக் கீழே விழும், இடுக்கு தேடிச் சுவரேறும், ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். ஒரே உண்ணி நாலாயிரம் வரைகூட இடும். குஞ்சுக்கு ஆறு கால். அது நாயிடம் ஏறிக் குடித்துவிட்டு இறங்கி, தோலுரித்து எட்டுக் காலோடு திரும்ப ஏறும். மறுபடி குடித்து, மறுபடி இறங்கி, மறுபடி தோலுரித்தால்தான் முழு உண்ணி. ஆக ஒவ்வொரு உண்ணியும் மூன்று தடவை நாய் மேல் ஏறி இறங்குகிறது. மீதி நேரமெல்லாம் சுவர், நிலை, கட்டில் அடி, நாய் படுக்கிற சாக்கு. நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சுற்று இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். சாப்பாடே கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி பல மாதம், ஒரு வருடத்துக்கு மேலும்கூட, பட்டினியாகக் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டில் அவை எங்களுக்காகக் காத்திருந்தது இப்படித்தான்.

இதை வீட்டு ஓனரிடம் சொன்னால் கேட்கவில்லை. "நாய் கொண்டாந்தது நீங்க, உண்ணியும் உங்களோடதுதான்" என்றார். காலி செய்யும்போது வெள்ளை அடிக்க என்று அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். நாங்களே சுண்ணாம்பு அடித்த சுவர் அது!    சரி, அதற்கும் நீங்கள் கேட்டதற்கும் சம்பந்தமில்லை, விடுங்கள். நாய் வளர்க்கிறவர்கள் வீட்டுக்கு உண்ணியைக் கொண்டு வருகிறார்கள் என்று யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று வரும், அவ்வளவுதான்.

எங்கள் அத்தை மாடு கன்றோடு வளர்ந்தவர். மணியை நான் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பார்த்துவிட்டு, "மாட்டத் தேச்சுக்கிட்டே இருந்தா ஆவாது கண்ணு, கட்டுத்தரையப் பாரு" என்றார். அது உண்மை. அடுத்த நாளே ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு நாயிடம் வந்தார். "அத்தை, அது மட்டும் வேண்டாம்" என்று நான் வாங்கி வைத்துவிட்டேன். மண்ணெண்ணெய் நாயின் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரல் வரைக்கும் பிரச்சினை. இரண்டு நாள் அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை.

நாங்கள் செய்தது முழுக்க வீட்டு வேலை. நிலையைச் சுற்றி, ஸ்கர்ட்டிங் ஓரம், ஜன்னல் கட்டை என்று விரிசல் எல்லாவற்றையும் ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்தோம். அதற்குமேல் சுண்ணாம்பு. அடித்த சுண்ணாம்பு நன்றாகக் காயும்வரை நாயை அந்த அறைக்குள் விடக் கூடாது, ஈரச் சுண்ணாம்பு பாதத்தை அரித்துவிடும். மணி படுத்த சாக்கை எரித்துவிட்டு, பழைய பெட்ஷீட் போட்டோம். அது வாரம் இரண்டு முறை கொதிக்கும் தண்ணீரில் ஊறி, மொட்டை மாடி வெயிலில் காயும். வெளியே அவன் படுக்கும் சிமெண்ட் திண்ணைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் என் தம்பி ஃபிளேம் கன் கொண்டு வந்தான். கோழிப்பண்ணையில் ஒரு பேட்ச் கோழியை ஏற்றி அனுப்பிய பிறகு தரையில் ஒட்டிய இறகைப் பொசுக்குவார்களே, அதுதான். சிமெண்ட் சந்தில் இருந்ததெல்லாம் படபடவென்று வெடித்தது. வீட்டுக்குள், மரத்துக்குப் பக்கத்தில், சிலிண்டருக்குப் பக்கத்தில் இதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

அப்புறம் தினசரி வேலை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து புருவம் பிடுங்கும் பிளக்கரால் ஒவ்வொன்றாக எடுப்பது. தோலை ஒட்டினாற்போல் வாய்ப்பக்கம் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். எடுத்ததைக் கல்லில் வைத்து நசுக்குவது நம் வீடுகளில் எல்லாருக்கும் ஒரு திருப்தி, ஆனால் அதற்குள் இருக்கும் கிருமி நம் விரலில் படும். வெறும் தண்ணீரில் போட்டாலும் லேசில் சாகாது. மூடி போட்ட பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வேம்பு. வேப்பிலை, கொஞ்சம் மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, குளித்த பிறகு கடைசித் தண்ணீராக ஊற்றுவோம். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து கழுத்தின் பின்பக்கம் தடவுவோம், நாக்கு எட்டாத இடம் என்பதால். புதிதாக ஏறுவது கொஞ்சம் குறைகிறது. ஏற்கெனவே கவ்விப் பிடித்திருப்பது அசைவதில்லை. என் அனுபவத்தில் இதன் எல்லை இவ்வளவுதான். உங்களுக்கு அதிகமாக வேலை செய்திருந்தால் சந்தோஷம், சண்டைக்கு வராதீர்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்புகிற மூலிகைக் கலவை ஒன்று இப்போது எல்லா வாட்ஸாப் குழுவிலும் சுற்றுகிறது. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் அரைத்துத் தண்ணீரில் கலந்து தெளிப்பது. அது மாட்டுக்குச் சொன்னது. மாட்டுக்கு நல்ல கலவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாய் ஈர உடம்பை முழுக்க நக்கும். பூண்டு உள்ளே போனால் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், உண்ணிக் கிருமிகளில் ஒன்றான பபேசியா செய்வதும் அதே வேலைதான். உண்ணிச்செடி இலை ஈரலுக்கு ஆகாது. அதே மாதிரி கற்பூரம் கரைத்த எண்ணெய், சாக்குக்குள் போடும் பூச்சி உருண்டை, சீத்தாப்பழ விதைப்பொடி எதுவும் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், சீத்தா விதை கண்ணில் பட்டால் கண்ணே போகும். இயற்கையானது என்பதால் பாதுகாப்பு என்று இல்லை, அரளிகூட இயற்கைதான்.

இத்தனை செய்துகொண்டிருக்கும்போதே மணிக்குக் காய்ச்சல் வந்தது. கருவாட்டுச் சோற்றைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறியிருந்தது. கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எர்லிக்கியா (உண்ணி கடித்துப் பரவும் ரத்தக் கிருமி) என்றார்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்திருந்தது. இதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், பொதுவாக 28 நாள். பாதியில் தெளிந்துவிட்டான் என்று நிறுத்தக் கூடாது. கூடவே உண்ணி கொல்லும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். கொடுத்தேன். வீட்டில் கடைசி விரிசல் அடைபடும்வரை கொடுத்தேன். "அப்போ உன் இயற்கை எங்கே போச்சு" என்று கேட்பவர்களுக்கு: ரத்தத்துக்குள் போய்விட்ட கிருமிக்கு வேப்பிலை கொடுத்துப் பரிசோதனை செய்ய என் நாய் கிடைக்காது. உண்ணி கொல்லும் அந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்ததும் எனக்குத் தெரியும். உங்கள் நாய்க்கு முன்பே வலிப்பு இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

தெள்ளுப்பூச்சி இதைவிடச் சுலபம். இயற்கை முறை நன்றாக எடுபடுவது இதில்தான். பேன்சீப்பால் வால் அடியில் வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளு கழித்த ரத்தம், அழுக்கு இல்லை. குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் முகத்துக்கு ஓடும். ராத்திரி தரையில் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, மேலே தாழ்வாக ஒரு பல்ப் எரியவிட்டால் நிறைய வந்து விழும். இதன் முட்டையும் புழுவும் இருப்பது பாய், கால்மிதி, சோபா இடுக்கில். தினமும் பெருக்கி, வெயிலில் போட்டு உதறினாலே பெரும்பகுதி போய்விடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் காலெல்லாம் கடிக்கிறதா? கூட்டுப்புழுக் கூட்டுக்குள் இருந்த தெள்ளுகள் உங்கள் காலடி அதிர்வில் வெளியே வருகின்றன, பயப்படாமல் பெருக்கிக்கொண்டே இருங்கள். நாயின் மலத்தில் வெள்ளையாக நெளியும் துணுக்கு தெரிந்தால் தெள்ளு வழியாக நாடாப்புழு வந்திருக்கிறது, குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

வீட்டில் பூனையும் இருந்தால், நாய்க்கு என்று விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு விஷம், தடவிய நாயோடு உரசிப் படுத்தாலே ஆபத்து. உங்களுடையது இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் எண்ணெய், கஷாயம் எதுவும் வேண்டாம், பேன்சீப்பும் பிளக்கரும் மட்டும். குட்டிக்கு உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம். ஈறு வெளுத்திருந்தால் என் பதிலையெல்லாம் மூடி வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.