பல் எடுத்த அன்றே இம்ப்ளான்ட் வைத்தும் எலும்பு குறைவது ஏன்?

வணக்கம். மேல் முன்பல்லை எடுத்த அன்றே இம்ப்ளான்ட் (பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைத்தும், எட்டு மாதத்தில் எலும்பு 1 மி.மீ. இறங்கிவிட்டது, மருத்துவர் தவறு செய்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, பயப்படாதீர்கள். முதல் வருடத்தில் 1 முதல் 1.5 மி.மீ. வரை குறைவதை இயல்பு என்றே வெகுகாலமாகக் கருதுகிறார்கள். அப்புறம் ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குள் நிற்க வேண்டும்.

உடனே இம்ப்ளான்ட் வைத்தால் எலும்பு கரையாது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியில்லை. முன்பற்களில் உதட்டுப் பக்க எலும்புச் சுவர் பெரும்பாலும் 1 மி.மீ. கனம்கூட இருக்காது. அதன் உள்ளடுக்கு, பல்லைப் பிடித்து நிற்கும் நார்களை நம்பியே இருப்பது. பல் போனால் அதுவும் கரையும். டைட்டானியம் திருகு அதைத் தடுக்காது. அதனால்தான் இம்ப்ளான்டை அண்ணப் பக்கம் ஒட்டி வைத்து, முன்னால் இருக்கும் இடைவெளியில் எலும்புத்தூள் நிரப்புகிறார்கள். உங்களுக்கு நிரப்பினார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

சாதாரண எக்ஸ்ரேயில் இரு பக்கவாட்டு எலும்பு மட்டுமே தெரியும், உதட்டுப் பக்கம் தெரியாது. எனவே ஈறு மேலே ஏறுகிறதா, சாம்பல் நிறம் தட்டுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ரத்தம், சீழ், ஆட்டம் எது இருந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.