பின்வளவில் பெற்றோருக்கு ஓர் அறை: கவுன்சில் அனுமதி வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மூன்று அறை, செமி டிட்டாச்ட் (ஒரு பக்கச் சுவர் அயல் வீட்டோடு ஒட்டியது). அம்மாவும் அப்பாவும் எங்களோடு வந்து இருக்கப் போகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, மாடிப்படி ஏற முடியாது. பின்வளவின் கடைசியில் கட்டில், ஷவர், டாய்லெட், சின்னக் குசினியோடு ஓர் அறை கட்ட நினைக்கிறோம். "உயரம் இரண்டரை மீட்டருக்குள் இருந்தால் பிளானிங் அனுமதி தேவையில்லை" என்கிறார் பில்டர். அது சரியா? வீட்டின் முன்பக்கப் புல்லை எடுத்துவிட்டு இரண்டாவது காருக்கு இடம் செய்யவும் விருப்பம்.

பதில்: உயரத்தைப் பற்றி பில்டர் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கட்டிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் விஷயத்தை முடிவு செய்யப்போவது அதுதான்.

இங்கிலாந்தில் சில வேலைகளுக்கு கவுன்சிலிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. சட்டமே பொதுவாகக் கொடுத்து வைத்திருக்கிறது. பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்று சொல்வது அதைத்தான். வளவில் கட்டும் கொட்டில், ஜிம், வேலை அறை எல்லாம் அதற்குள் வரும். ஒற்றைத் தளமாக இருக்க வேண்டும், வீட்டின் முன்சுவருக்கு முன்னால் வரக்கூடாது. வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் என்றால் மொத்த உயரம் 2.5 மீட்டர். தள்ளிக் கட்டினால் தட்டைக் கூரைக்கு 3 மீட்டர், இருபக்கம் சரிந்த கூரைக்கு 4 மீட்டர். முதலில் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடம் நிற்கக்கூடாது. முன்பிருந்தவர்கள் இழுத்துக் கட்டிய பகுதியும் அந்தக் கணக்கில் சேரும்.

இவ்வளவும் பொருந்தினாலும் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அந்தக் கட்டடம் வீட்டு வாழ்க்கைக்குத் துணையான ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். உடற்பயிற்சி செய்யலாம், பிள்ளைகள் படிக்கலாம், சாமான் வைக்கலாம். ஒருவர் அங்கேயே படுத்து, குளித்து, சமைத்து வாழ்வது துணையான பாவனை ஆகாது, அது குடியிருப்பு. இரண்டரை மீட்டர் இல்லை, இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டினாலும் அதற்கு அனுமதி வேண்டும்.

"ஜிம் என்று எழுதிவிட்டுப் பிறகு கட்டிலைப் போடலாமே" என்று சொல்ல உங்களுக்கும் நாலு பேர் வருவார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். களவாகக் கொட்டிலில் ஆள் வைத்து வாடகை வாங்குகிறவர்களால் கவுன்சில்கள் இதில் கண் வைத்திருக்கின்றன. லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லாவ் கவுன்சில் 2013இல் விமானத்தில் இருந்து வெப்பப் படம் எடுத்தே தேடியது. நாலு வருடம் போனால் விட்டுவிடுவார்கள் என்ற பழைய கதையும் இப்போது செல்லாது. 2024 ஏப்ரல் 25 முதல் நடவடிக்கை எடுக்கும் காலம் பொதுவாகப் பத்து வருடம். வயதான அம்மா அப்பா இருக்கும் அறைக்கு இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

சரி, நேர்வழியில் கேட்டால் கிடைக்குமா? பெற்றோருக்கான அறை என்றால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, விண்ணப்பத்தைக் கவனமாகத் தயாரித்தால். கவுன்சிலின் பயம் ஒன்றுதான்: நாளைக்கு இது தனி வீடாகி வாடகைக்குப் போய்விடுமோ என்பது. அந்தப் பயத்தைத் தீர்க்கிற மாதிரி வரைபடம் இருக்க வேண்டும். தெருவில் இருந்து தனி வாசல், தனி மின்சார மீற்றர், நடுவில் வேலி எதுவும் வேண்டாம். குசினியை விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. கெற்றிலும் சின்ன சிங்க்கும் போதும், சாப்பாடு பெரிய வீட்டில். யார் இருக்கப் போகிறார்கள், ஏன் கீழ்த்தளத்தில் அறை வேண்டும், வீட்டோடு எப்படிச் சேர்ந்து இயங்கும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி இணையுங்கள். டாக்டரின் கடிதமும் இருந்தால் நல்லது.

விண்ணப்பத்தை பிளானிங் போர்ட்டல் இணையதளத்தில் போடலாம். வீட்டுக்காரருக்கான ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பம் அது. 1:1250 அளவில் உங்கள் வளவைச் சிவப்புக் கோட்டால் சுற்றிய இடப்படம், 1:500 அல்லது 1:200 அளவில் வளவுப்படம், இப்போது இருப்பதும் வரப்போவதுமான தரைப்படமும் பக்கத்தோற்றமும் கேட்பார்கள். கூகுள் மேப்பை வெட்டி ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரசாங்க வரைபட நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சர்வேயின், உரிமத்தோடு வாங்கிய படம்தான் செல்லும். கட்டணம் 2025 ஏப்ரலில் கூடியது. வருடா வருடம் ஏப்ரலில் விலைவாசியோடு ஏறும் என்பதால் பணம் கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் நிலை சட்டப்படி இயலாமை என்று காட்ட முடிந்து, அந்த அறை அவருடைய பாதுகாப்புக்கும் சுகத்துக்கும் என்றால் கட்டணமே இல்லை. பலர் இது தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள்.

விண்ணப்பம் பதிவானதும் அயலவர்களுக்கு 21 நாள் அவகாசம் கொடுப்பார்கள். முடிவுக்கு எட்டு வாரம். கடிதம் போவதற்கு முன்னால் நீங்களே போய் இரு பக்கத்து வீட்டாரிடமும் படத்தைக் காட்டிப் பேசுங்கள். மறுத்துவிட்டால் 12 வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் காரணத்தைப் படித்துப் படத்தைத் திருத்தி மறுபடி போடுவதே பெரும்பாலும் சுருக்கமான வழி.

இவ்வளவுக்கும் போக முன்னர் ஒன்று யோசியுங்கள். தை மாதக் குளிரில், ஐஸ் பிடித்த பாதையில், முழங்கால் ஏலாத அம்மா கடைசி வளவில் இருந்து சாப்பிட வர வேண்டும். அதை விட வீட்டின் பின்சுவரோடு ஒட்டி ஓர் அறை இழுப்பது நல்லதாகப் படுகிறது. செமி டிட்டாச்ட் வீட்டில், முதலில் கட்டிய பின்சுவரில் இருந்து 3 மீட்டர் வரை, ஒற்றைத் தளமாக, உயரம் 4 மீட்டருக்குள், வேலிக்குப் பக்கம் என்றால் கூரை விளிம்பு 3 மீட்டருக்குள் இருந்தால் பிளானிங் விண்ணப்பமே வேண்டியதில்லை. 6 மீட்டர் வரை போக, கவுன்சில் அயலவரைக் கேட்டு 42 நாளில் முடிவு சொல்லும் வேறொரு முறை இருக்கிறது. இது வீட்டின் பகுதி என்பதால் படுக்கையறையாகப் பாவிப்பதில் எந்தச் சிக்கலும் வராது. யாரோ ஏற்கனவே இழுத்துக் கட்டியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். வீடு கான்சர்வேஷன் பகுதியிலா (பழைய தோற்றத்தைக் காக்கும் பகுதி), அந்தத் தெருவுக்கு பெர்மிட்டட் டெவலப்மென்ட் சலுகையை கவுன்சில் எடுத்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். அனுமதி தேவையில்லை என்று உறுதியானாலும், அதையே கவுன்சில் எழுத்தில் தரும் சட்டபூர்வ மேம்பாட்டுச் சான்றிதழை எடுத்து வையுங்கள். பிளானிங் விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான்.

முன்பக்கக் கார் இடத்துக்கு வருகிறேன். தண்ணீர் உறிஞ்சும் கல்லோ சரளையோ போட்டால், அல்லது மழைநீர் புல்பாத்திக்குப் போகும்படி சரித்துவிட்டால் அனுமதி வேண்டாம். 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத கொங்கிரீட் போட்டுத் தண்ணீரைத் தெருவுக்கு விட்டால் வேண்டும். நடைபாதை விளிம்பைத் தாழ்த்துவதற்கு கவுன்சிலின் வீதிப் பகுதியிடம் தனி விண்ணப்பம்.

எந்த வழியில் போனாலும் பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டடம் பாதுகாப்பாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்கும் விதிகள், வேறு விஷயம். 15 சதுர மீட்டருக்குக் குறைந்த கொட்டிலுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் ஆள் படுக்கிற அறை என்றால் அளவு எதுவானாலும் வேண்டும். அத்திவாரம், காப்பு, தீ எச்சரிக்கைக் கருவி, மின்சாரம் என்று கட்டம் கட்டமாகப் பார்த்து ஒரு நிறைவுச் சான்றிதழ் தருவார்கள். அது கைக்கு வரும்வரை பில்டருக்குக் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டர் அதைத்தான் கேட்பார்.