லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் கியர் ஆயில்: வாசகர் கேள்வி-பதில்

என் ஆட்டோமேட்டிக் கார் 1,40,000 கி.மீ. ஓடிவிட்டது. ஒருமுறைகூட கியர் ஆயில் மாற்றியதில்லை. இனிமேல் மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

டிரைவில் போட்டதும் வண்டி உடனே நகர்கிறதா? ஆர்.பி.எம். மட்டும் எகிறி வேகம் ஏறாத சிக்கல், கியர் மாறும்போது உதறல் எதுவும் இல்லையே? அப்படியானால் தயங்காமல் மாற்றுங்கள். கியர் ஸ்லிப் ஆக ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு ஆயில் நினைவே வருகிறது. அதற்குள் கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருக்கும். பிறகு வண்டி நின்றால் பழி புது ஆயில் மேல் விழுகிறது.

ஆனால் மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். பல வருடம் படிந்த கசடு கிளம்பி, கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியின் குறுகிய துவாரங்களில் போய் அடைக்கும். டிரெயின் போல்ட்டைத் திறந்து வடித்து, வடிந்த அளவை ஊற்றுவதே பாதுகாப்பு. மொத்தம் 7 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் ஒரு தடவைக்கு 3 லிட்டர்தான் வடியும் என்று வையுங்கள். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயில் கூலரிலும் தங்கிவிடும். முதல் முறையில் 43 சதவீதம் புது ஆயில், இரண்டாவதில் 67, மூன்றாவதில் 81. இடையே 500 முதல் 1,000 கி.மீ. ஓட்டுங்கள்.

முதல் முறையே கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பேனைக் (ஆயில் தேங்கும் தட்டு) கழற்றி ஃபில்டர், கேஸ்கெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பேனில் உள்ள காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை வேண்டாம், அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் உலோகத் துணுக்கோ, ஆயிலில் கருகிய வாடையோ இருந்தால் ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியே இல்லை. சரியான அளவை எப்படிப் பார்ப்பது?

வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வண்டி ரேம்ப்பில் (வண்டியைத் தூக்கும் மேடை) சமமட்டத்தில் நிற்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி லிவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, மறுபடி பார்க்கிங்குக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலை உங்கள் மாடலுக்குச் சொல்லப்பட்ட டிகிரிக்கு வரும்போது (பல கார்களில் 40 டிகிரியை ஒட்டி) அளவு பார்க்கும் லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். ஒழுகி, மெல்லிய தாரையாகி, சொட்டத் தொடங்கியதும் புது வாஷர் போட்டு மூடிவிடலாம். ஒன்றுமே வராவிட்டால் இன்னும் ஊற்ற வேண்டும்.

80 டிகிரியில் திறந்தால், விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வெளியேறிவிடும்; பிறகு கியர் விழத் தாமதமாகும். குளிர்ந்த நிலையில் பார்த்தால் நேர்மாறு: அளவு கூடி, உள்ளே நுரைத்து, ஆயில் அழுத்தம் குறையும். அளந்து ஊற்றுபவர்களும், வடித்த ஆயில் நன்றாக ஆறிய பிறகே அளக்க வேண்டும்.

மேனுவல் கார். இரண்டாவது கியர் கரகரக்கிறது. ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றினால் சரியாகுமா?

வேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 மட்டும்தான். பல ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும். முதலில் கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று பாருங்கள். ஆயில் மாற்றும்போது, வடிப்பதற்கு முன்பே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலியாக்கிய பிறகு அது துரு ஏறிச் சிக்கியிருப்பது தெரிந்தால் வண்டியை நகர்த்தக்கூட முடியாது.

என் பிஎம்டபிள்யூவில் 'லைஃப்டைம் ஆயில்', மாற்றவே தேவையில்லை என்கிறார்களே?

பெரும்பாலான பிஎம்டபிள்யூக்களில் உள்ள எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தயாரிப்பது இசட்எஃப். அந்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. பிளாஸ்டிக் பேனுக்குள்ளேயே ஃபில்டர் சேர்ந்திருக்கும். பேனை முழுதாகத்தான் வாங்க வேண்டும்.

வடித்த ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. ஏன்?

ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கியர்பாக்ஸின் காற்றுத் துளையான பிரீதர் வழியாக நீர் இறங்கியிருக்கலாம். எதுவானாலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் படலத்தை ஒட்டியிருக்கும் பசை நீர் பட்டால் விட்டுப்போகும். ஃப்ளாட்பெட்டில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கூலரைச் சரிசெய்யாமல் யாராவது புது ஆயில் ஊற்ற வந்தால் அனுமதிக்காதீர்கள்.