பாதியில் விட்ட எழுத்துத் தளத்தை மறுபடி தொடங்கினால் நிலைக்குமா?

கேள்வி: சொந்தமாக ஒரு எழுத்துத் தளம் தொடங்குவதும் சில மாதங்களில் விட்டுவிடுவதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்த முறை புதுப் பெயர், புது வடிவமைப்பு என்று முதலிலிருந்து ஆரம்பிக்க நினைக்கிறேன். தொடர்ந்து எழுத என்ன செய்ய வேண்டும்?

முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பழைய தளத்தின் முகவரி இன்னும் உங்கள் கையில் இருந்தால், அடுத்த கட்டுரையை அதிலேயே போடுங்கள். என் பதில் இவ்வளவுதான். நானும் இதே சுழலில் நெடுநாள் சுற்றியவன் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதிதாகத் தொடங்கும்போதெல்லாம், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) தேடுவதில்தான் என் உற்சாகம் கரையும். அப்புறம் எழுத்துரு, முகப்புப் படம், ‘என்னைப் பற்றி’ பக்கம். சிறுகதை, கட்டுரை, நூல் அறிமுகம், பயணம் என்று பகுப்புகள் வரிசையாக நிற்கும். உள்ளே போடத்தான் ஒன்றும் இருக்காது. ஆனால் நாள் முழுக்க உழைத்த களைப்பு மட்டும் நிஜமாகவே வந்துவிடும். எழுதுவதைத் தள்ளிப்போட இதைவிடக் கௌரவமான வழி கிடையாது. யாரும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாதே!

இப்போது என் தளத்தில் பகுப்பே இல்லை. புதியது மேலே, பழையது கீழே, அவ்வளவுதான். நூறு கட்டுரை சேர்ந்த பிறகு எதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன் என்று பார்த்துப் பிரித்துக்கொண்டால் போயிற்று.

அடுத்த வில்லங்கம், ‘வாரம் ஒரு கட்டுரை’ என்ற அறிவிப்பு. யாரும் கேட்காமலே நாமாகக் கொடுக்கும் வாக்கு அது. ஒரு வாரம் தவறும், கூச்சம் வரும். கூச்சத்தில் இன்னொரு வாரம் போகும். பிறகு, ‘வேலைப்பளுவால் எழுத முடியவில்லை, இனி தொடர்ந்து எழுதுவேன்’ என்று ஒரு பதிவு. கைவிடப்பட்ட தளங்களைத் திறந்து பாருங்கள், பலவற்றில் கடைசிப் பதிவே இதுதான். இடைவெளி விட்டதற்கு விளக்கம் எழுத வேண்டாம். நேற்றுதான் எழுதியதுபோல அடுத்ததை எழுதுங்கள்.

வாசகர் போய்விடுவாரே என்ற பயம் எனக்கும் இருந்தது. அதற்குத்தான் ஆர்எஸ்எஸ் ஓடை (RSS feed) இருக்கிறது. தளத்தில் புதிதாக வருவதை வாசகரின் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அது. உங்கள் தளத்தை அந்தச் செயலியில் சேர்த்துக்கொண்டவருக்கு, நீங்கள் எட்டு மாதம் கழித்து எழுதினாலும் அன்றைக்கே அது போய்ச் சேரும். அவர் தினமும் வந்து எட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டதோடு ஆர்எஸ்எஸ் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் செயலிதான் போனது, ஓடை போகவில்லை. வேர்ட்பிரஸ்ஸும் பிளாக்கரும் இன்றும் அதைத் தாமாகவே உருவாக்கித் தருகின்றன. 1998 முதல் தன் தளத்தில் எழுதிவரும் அமெரிக்க வலைப்பதிவர் ஜேசன் கோட்கேகூட 2022-இல் பல மாதம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். அந்தத் தளம் இன்னும் நடக்கிறது.

பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் கருவியைக் கழற்றியது எனக்குப் பெரிய விடுதலை. தொடக்கத்தில் அந்த எண்ணில் எத்தனை பேர் மனிதர்கள், எத்தனை வருகை தானியங்கி நிரல்களுடையது என்றே தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒரு நாள் குதிப்பதும் மறுநாள் துவண்டு போவதும் எதற்கு? யாராவது மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினால் அது கணக்கு.

பழைய முகவரியை விடாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தனி ஆள் தளத்துக்குப் பலர் தேடுபொறி வழியாகத்தான் வருகிறார்கள். வருபவர் நேற்றைய கட்டுரைக்காக வருவதில்லை. என்றோ எழுதிய ஏதோ ஒன்றில்தான் வந்து இறங்குகிறார். பெயரை மாற்றிப் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாசலை நாமே பூட்டுகிறோம். பிறர் கொடுத்திருந்த இணைப்புகளும் செத்துப்போகும்.

அதனால் ஆள்களப் பெயருக்கு (தளத்தின் முகவரியாக நாம் பதிவு செய்யும் பெயர்) தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள். ஒரே தடவையில் பத்து ஆண்டு வரை பதிவு செய்யலாம். டாட் காம் பெயரை நாம் புதுப்பிக்காமல் விட்டு, பதிவு நிறுவனம் அதை நீக்கினால், பொதுவாக 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் கூடுதலாகக் கேட்பார்கள். அதுவும் கடந்தால் 5 நாளில் பெயரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிடும்.

எழுத்தின் பிரதி உங்கள் கணினியிலும் சாதாரண உரைக் கோப்பாக இருக்கட்டும். யாகூ 2009-இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை மூடியபோது, பிரதி வைத்திராதவர்களில் பலர் ஆர்வலர்கள் சேமித்த அளவைத்தான் நம்ப வேண்டியிருந்தது. நான் முதலில் உரைக் கோப்பில் எழுதி, பிறகுதான் தளத்தில் ஒட்டுகிறேன். தள நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாலே அங்கே ‘புதுப்பிப்பு உள்ளது’ என்று ஏதாவது கூப்பிடும். அதற்குள் எழுத வந்தது மறந்துவிடும்.

இடையே ஒரு சின்ன விஷயம். கட்டுரையின் இணைய முகவரியைத் தமிழில் வைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் சதவீதக் குறிகளோடு ஒரு சரமே நீளும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் சுருக்கமாக ரோமன் எழுத்தில் வையுங்கள். பகிர்பவர் திணற மாட்டார்.

‘பழைய கட்டுரைகளைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறதே, அழித்துவிடலாமா?’ என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிறரைப் புண்படுத்துவதும் தகவல் பிழை உள்ளதும் இருந்தால் திருத்துங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். நடை சரியில்லை என்பதற்காக மட்டும் எதையும் அழிக்க வேண்டாம். அவை கீழே கிடக்கும், தேடி வருபவர் படித்துக்கொள்வார்.