யார் சொல்வதைக் கேட்டுக் கிழவியைத் திருத்துவது?

கேள்வி: விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு வளசரவாக்கம். கணினியில் களிமண் போல உருவம் செதுக்கும் ஜீபிரஷ் மென்பொருளில் கேரக்டர் மாடலிங் கற்றுக்கொண்டு வருகிறேன். போர்ட்ஃபோலியோவில் இப்போது ஐந்து கேரக்டர்கள் இருக்கின்றன. அதில் நான் பெரிதாக நம்புவது சிலம்பம் கற்றுத்தரும் ஒரு கிழவியை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் பாதிப் பேர் ‘வெறித்தனம்’, ‘தெறி’ என்கிறார்கள். ஒருத்தி மட்டும் ‘சின்னப் பொண்ணுக்குச் சுருக்கம் போட்ட மாதிரி இருக்கு’ என்றாள். மூக்கு பெரிது என்றான் ஒருவன், குறைத்தேன். கழுத்து நீளம் என்றார்கள், சுருக்கினேன். வேலையில் இருக்கும் சீனியர் அண்ணா ஒருவர் ‘அனாடமியே இல்ல, முதல்ல இருந்து பண்ணு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். திருத்தித் திருத்தி இப்போது அது என் கிழவியாகவே இல்லை. ஏப்ரலில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது? அழித்துவிட்டு மறுபடி தொடங்கவா? படங்களை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அழிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை நன்றாக வந்திருக்கிறது. விரல் மூட்டுகளில் எலும்பு தெரிகிறது, புறங்கை நரம்பை அளவோடு நிறுத்தியிருக்கிறீர்கள். கையை இப்படிச் செய்கிறவருக்கு அனாடமியே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் வந்த கருத்துகளிலேயே உருப்படியானது எது தெரியுமா? உங்களுக்குச் சுருக்கென்று தைத்ததே, அந்த ‘சின்னப் பொண்ணுக்குச் சுருக்கம்’. அந்தத் தோழியை விட்டுவிடாதீர்கள். அவர் சொன்னது அப்படியே உண்மை. நெற்றியில் கோடு, கண்ணோரம் கோடு, உதட்டுக்கு மேல் கோடு எல்லாம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருக்கும் மண்டையோடு இருபது வயதுக்காரியுடையது. வயது தோலில் மட்டும் ஏறுவதில்லை. பல் போனால் தாடை எலும்பே தேய்கிறது. முகவாய் மூக்கை நோக்கி ஏறி வரும், உதடு உள்ளே மடியும். இரு பக்க நெற்றிப்பொட்டிலும் குழி விழும். கண்குழியின் எலும்பு விளிம்பு வெளியே தெரியும். கன்னத்தின் சதை இறங்கி, தாடைக் கோட்டை உடைத்துக்கொண்டு தொங்கும். மூக்கின் நுனியும் கொஞ்சம் இறங்கும். இதெல்லாம் வந்துவிட்டால் ஒரு சுருக்கம்கூடப் போடாமலே அவர் கிழவிதான். இவை வராவிட்டால் சுருக்க அச்சுகளான ஆல்பாக்களை எத்தனை அழுத்தினாலும் அது மேக்கப் போட்ட கல்லூரி நாடகம்.

காதில் பாம்படம் போட்டிருக்கிறீர்கள், அழகான யோசனை. ஆனால் அந்தக் கனத்தைத் தாங்குகிற காதைச் செய்யவில்லை. காது வளர்த்த பாட்டிகளுக்குச் சோணை நீண்டு, துளை பெரிதாகி, கழுத்தை எட்டும். உங்கள் கிழவிக்குக் காது ஸ்டட் போடுகிற காது. நகை வேறு, காது வேறு என்று தனித்தனியாக நிற்கிறது. உங்கள் குழுவில் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்கள்.

சரி, மற்ற கருத்துகளுக்கு வருவோம். சக மாணவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதானே உங்கள் கேள்வி. நோயாளி வலிக்கிற இடத்தைத்தான் காட்டுவார், என்ன மருந்து என்பதை வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும். பார்க்கிறவர்கள் ‘இங்கே ஏதோ உறுத்துகிறது’ என்று காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். ‘இதைக் குறை, அதை நீட்டு’ என்று சொல்லும் மருந்து பெரும்பாலும் தப்பாக இருக்கும். நீங்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டீர்கள்.

மூக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவது உண்மை. ஆனால் காது இரண்டும் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கின்றன, கன்னம் உருண்டு வளைகிறது. அது மூக்கின் குற்றம் இல்லை, கேமராவின் குற்றம். முகத்துக்கு மிக அருகில் அகலக் கோணத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். செல்ஃபியில் எல்லோருக்கும் மூக்கு வீங்குவது இதனால்தான். லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தை 85 மில்லிமீட்டர் பக்கம் கொண்டுபோய், கேமராவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி பாருங்கள். பழைய மூக்கு சரியாகவே இருந்திருக்கும். நல்ல மூக்கு ஒன்றை லென்ஸுக்காக வெட்டிவிட்டீர்கள். பழைய ஃபைல் இருக்கிறதல்லவா? இனி ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் புது எண் போட்டுச் சேமியுங்கள். கருத்துக் கேட்க அனுப்பும் படங்கள் எப்போதும் ஒரே லென்ஸ், ஒரே வெளிச்சம், ஒரே சாம்பல் மெட்டீரியல், நான்கு பக்கம் என்று இருக்கட்டும். வெளிச்சம் மாறினால் முகமும் மாறும், அப்புறம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாது.

கழுத்தும் அதே கதைதான். நீளமாகத் தெரிந்தது உண்மை. காரணம் நீளம் இல்லை. பின்மண்டையிலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரபீசியஸ் தசை உங்கள் மாடலில் கிட்டத்தட்ட இல்லை, காறை எலும்பு ஸ்கேல் வைத்து இழுத்த கோடாகக் கிடக்கிறது. வயதானவர்களுக்கு முதுகு வளைந்து தலை முன்னுக்கு வரும், பக்கவாட்டில் பார்த்தால் காது தோளுக்கு முன்னால் நிற்கும். அதைச் செய்திருந்தால் கழுத்தை ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருக்கியிருக்க வேண்டாம்.

கண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கிழவி பேயைப் பார்த்தது போல விழிக்கிறார். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியக்கூடாது. சாதாரணமாகப் பார்க்கும்போது மேல் இமை கருவிழியின் மேல் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும், வயதானவர்களுக்கு இன்னும் இறங்கும். இமைக்குத் தடிமன் உண்டு, அதையும் காட்டுங்கள். காகிதம் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது இப்போது.

இத்தனையையும் மாற்ற முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. சப்டிவிஷன் லெவல், அதாவது ஒரே உருவத்தின் கரடான நிலையிலிருந்து நுணுக்கமான நிலை வரையான படிகளை, வைத்திருக்கிறீர்கள் என்று படத்திலேயே தெரிகிறது. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் மேற்பரப்பைக் கட்டும் சிறு கட்டங்களான பாலிகன் நான்கு மடங்காகும். 20 ஆயிரம் 80 ஆயிரமாகும், அடுத்தது 3 லட்சத்து 20 ஆயிரம். கீழ் லெவலுக்கு இறங்கி, மூவ் பிரஷ்ஷைப் பெரிதாக வைத்துத் தாடையையும் நெற்றிப்பொட்டையும் கழுத்தையும் தள்ளுங்கள். மேலே போட்ட சுருக்கங்கள் கூடவே நகர்ந்து வரும். இரண்டு மூன்று மாலைகளில் முடிகிற வேலை.

சீனியர் அண்ணா விஷயம். ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், கோபப்படாதீர்கள். நேரமில்லாமல் எழுதியிருப்பார். அவருக்கு இப்படிக் கேட்டு அனுப்புங்கள்: ‘அண்ணா, முதுகு வளைவும் தலை முன்னால் வருவதும் சரியாக இருக்கிறதா? பக்கவாட்டுப் படம் வைத்திருக்கிறேன், மேலேயே கோடு போட்டுக் காட்டினால் போதும்.’ கேள்வி சின்னதாக இருந்தால் பதில் வரும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘தெறி’ என்றுதான் வரும். அது அவர்கள் குற்றம் இல்லை, அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

இன்னொன்று, நீங்கள் காட்டும் நேரம். தோல் துளை வரை முடித்து, ரெண்டர் எடுத்து, பின்னணியில் புகை விட்டு அப்புறம் கருத்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் யாருக்கும் ‘இடுப்பு தப்பு’ என்று சொல்ல மனசு வராது, சொன்னாலும் உங்களுக்குக் கேட்க மனசு வராது. களிமண் உருண்டைகளாக இருக்கும்போதே காட்டுங்கள். அப்போது போஸையும் அளவையும் மட்டும் கேளுங்கள். உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கி அனுப்பி, ‘இது யார், என்ன செய்கிறார், வயது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். கிழவி என்று நான்கு பேர் சொல்லவில்லை என்றால் சுருக்கம் போட உட்காராதீர்கள்.

இருவர் எதிரும் புதிருமாகச் சொன்னால்? அது அநேகமாக ரசனை, உங்கள் இஷ்டம். ஒருவரை ஒருவர் கேட்காமல் இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. குழுவில் எல்லோரும் பார்க்கும்படிக் கேட்டால் முதலில் சொன்னவர் பின்னாலேயே மற்றவர்கள் போய்விடுவார்கள், அதனால் தனித்தனியாகக் கேளுங்கள். உடம்பு எட்டுத் தலை உயரம் இருக்கவேண்டும் என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது இலட்சிய உடம்புக்கான கணக்கு. சராசரி ஆளே ஏழரைத் தலைதான், கூன் விழுந்த கிழவிக்கு அதுவும் வராது.

மாடலிங் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்பதும் போதாது. சிலம்பம் சுற்றுகிற பிள்ளைகள் உங்கள் ஏரியாவிலேயே இருப்பார்கள். கம்பு நெற்றி உயரத்துக்கு இருப்பதுதான் வழக்கம். உங்கள் கிழவியின் கம்பு தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கிறது. ஒரு சிலம்ப மாணவனிடம் படத்தைக் காட்டினால் கம்பு, பிடி, கால் வைத்திருக்கும் விதம் மூன்றையும் அங்கேயே நின்று செய்து காட்டிவிடுவான். செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல ரெஃபரன்ஸ் கிடைக்காது.

விமர்சனம் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். நண்பனின் வேலையில் குறை சொன்னால் அவன் முகம் சுருங்கும், அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு ஞாயிறு காலை நாலைந்து பேர் மெரினாவுக்குப் போங்கள். உழைப்பாளர் சிலை அங்கே 1959-இலிருந்து நிற்கிறது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எழும்பூரில் இன்று கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் பள்ளியின் முதல்வராக இருந்தவர். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். ஆளுக்கொரு ஆளாக எடுத்துக்கொண்டு, எடை எந்தக் காலில், முதுகு எங்கே திரும்புகிறது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உருவம் குழம்புகிறது என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சிலை கோபித்துக்கொள்ளாது. அடுத்த வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம், வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்று வலப்பக்கம் ஆணாகவும் இடப்பக்கம் பெண்ணாகவும் இருக்கும் இடுப்பு எப்படி ஒரே உடம்பாக இணைகிறது என்று பாருங்கள். இப்படிப் பேசிப் பழகிய குழு, உங்கள் மாடலைப் பார்த்து வெறும் ‘தெறி’ போடாது.

ஏப்ரலுக்கு வருவோம். ஐந்தில் ரோபோவையும் அந்தக் கொம்பு வைத்த அரக்கனையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் யூடியூப் பார்த்துச் செய்த பயிற்சி என்பது தெரிகிறது. அரக்கன் வேறு ஒருவரின் ஓவியத்தைப் பார்த்துச் செய்தது என்றால், எங்கே போட்டாலும் அந்த ஓவியரின் பெயரைச் சேருங்கள், சேர்க்காமல் விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மீதி மூன்று போதும். கேம் கம்பெனிக்கு அனுப்புவதானால் வயர்ஃப்ரேம் (உருவத்தின் கம்பிவலைப் படம்), யூவி (மேற்பரப்பைத் தட்டையாக விரித்தது), டெக்ஸ்சர் மேப் (அதன் மேல் போர்த்தும் படங்கள்) எல்லாம் கட்டாயம். கிழவிக்கு இன்னும் ரீடோபாலஜி, அதாவது மேற்பரப்பைக் குறைந்த பாலிகனில் ஒழுங்காக மறுபடி கட்டுவது, செய்யவில்லை என்று நினைக்கிறேன். முகத்தைத் திருத்தி முடிக்காமல் அதில் கை வைக்காதீர்கள், எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும். திருத்தியதும் முதல் படத்தை அந்தத் தோழிக்கு அனுப்புங்கள், ‘இப்போ என்ன வயசு சொல்லுவ?’ என்று மட்டும் கேட்டு.