மட்ஸ்கேட்டாவுக்கு பேக்கேஜ் எதற்கு? முதலில் அம்மாவின் விசாவைப் பாருங்கள்

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். டிசம்பர் முதல் வார விடுமுறையில் மனைவியையும் 67 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜார்ஜியா போகத் திட்டம். அம்மா கும்பகோணத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கிறார், முழங்கால் வலி உண்டு. தலைநகர் திபிலிசிக்குப் பக்கத்தில் இருக்கும் மட்ஸ்கேட்டா என்ற பழைய ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் அம்மா. ஏஜென்ட்டோ, "அங்கே சர்ச்சுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், குரூப் டூரில் வந்தால்தான் கிடைக்கும், ஆளுக்கு 250 திர்ஹாம்" என்கிறாராம். கட்டலாமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள். அப்படி ஒரு அனுமதிச் சீட்டே கிடையாது. ஸ்வெட்டிட்ஸ்கோவேலி பேராலயமும் எதிர்க் குன்றின் மேல் இருக்கும் ஜ்வாரி மடாலயமும் வழிபாடு நடக்கிற கோயில்கள், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உள்ளே போகலாம். இல்லாத சீட்டை விற்கிற ஆட்களுக்கு இந்தத் தொழிலில் பஞ்சமே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது டூர் விஷயத்தில் இல்லை, அம்மாவின் விசிட் விசாவில். அதை ஏஜென்ட் உங்களிடம் கேட்கவே இல்லை பாருங்கள்.

அமீரக ரெசிடென்ஸ் உங்களுக்கும் மனைவிக்கும் இருப்பதால் ஜார்ஜியாவுக்குத் தனியாக விசா எடுக்க வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம் என்பது பொது விதி. எமிரேட்ஸ் ஐடி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், போனில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். அட்டை காலாவதியாகப் போகிற நிலையில் இருந்தால் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மாவுக்கு ரெசிடென்ஸ் இல்லை. விசிட் விசாவைக் காட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், கவுன்டரில் நின்று வாதாடுகிற வயதா அது? அவருக்கு இ-விசா எடுத்துவிடுங்கள். அரசுக் கட்டணம் 20 டாலர், மேலே சிறு சேவைக் கட்டணம், அவ்வளவுதான். தளம் ஜார்ஜிய வெளியுறவு அமைச்சகத்துடையது, முகவரி evisa.gov.ge என்றுதான் இருக்கும். கூகுளில் தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் தளங்கள் அதே படிவத்தை நிரப்பிக் கொடுக்கவே மூன்று நான்கு மடங்கு வாங்கிவிடுகின்றன.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. அம்மாவின் அமீரக விசிட் விசா ஒருமுறை நுழைவு விசாவா, பலமுறை நுழைவு விசாவா? ஒருமுறை விசா என்றால் ஷார்ஜாவில் விமானம் ஏறிய நிமிடமே அது முடிந்துவிட்டது, 60 நாளில் 20 நாள்தான் கழிந்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் செல்லாது. திரும்பி வரும்போது திபிலிசி விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தர மாட்டார்கள். நீங்களும் மனைவியும் ஏறிவிடலாம், அம்மா மட்டும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். எனவே, ஒருமுறை விசா என்றால் திரும்பும் விமானம் ஏறுவதற்கு முன் அவருக்குப் புதிய விசிட் விசா கைக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் திபிலிசியிலிருந்து அவரை நேரே இந்தியாவுக்கு அனுப்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், அப்படிப் போட்டால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அம்மாவிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் ஜார்ஜியா இ-விசா தேவைப்படாது. ஆனால் அமீரகத்துக்குள் திரும்பி நுழைகிற பிரச்சினை அப்போதும் அப்படியேதான் இருக்கும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, 2026 ஜனவரி 1 முதல் ஜார்ஜியாவுக்குள் வரும் பயணிகளுக்கு உடல்நல, விபத்துக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 30,000 லாரிக்கு (லாரி என்பது ஜார்ஜிய நாணயம்) இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ ஜார்ஜிய மொழியிலோ அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட் எல்லாம் காகிதமாக இருக்கட்டும். அங்கே இந்தியப் பாஸ்போர்ட்காரர்களை உருப்படியான காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவதாகப் புகார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. காசு செலவழிக்க வருகிற ஆளைக் குற்றவாளி போல நிறுத்திவைக்கிற இந்த முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். திபிலிசியிலிருந்து 20 கிலோமீட்டர். தனி ஆளாக இருந்தால் டிடுபே மெட்ரோவில் இறங்கி மார்ஷ்ருட்கா என்ற வேனில் போங்கள் என்பேன், ஓரிரு லாரியில் வேலை முடியும். ("இன்றைக்கு வேன் இல்லை" என்று அங்கே டாக்சிக்காரர்கள் சொல்வார்கள், வேன் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கும்.) அம்மாவோடு அது வேண்டாம். போல்ட் மாதிரி ஆப் டாக்சி பிடித்தால் மூன்று பேருக்கும் சேர்த்து, ஏஜென்ட் ஒரு ஆளுக்குக் கேட்கிற பணத்தைவிட நிச்சயம் குறைவாகத்தான் ஆகும்.

முதலில் ஜ்வாரிக்கு விடச் சொல்லுங்கள். மேலே பஸ்ஸை நம்ப முடியாது, திரும்பி இறங்க வண்டி கிடைப்பதும் உறுதியில்லை, அதனால் அதே டிரைவரிடம் காத்திருக்கப் பேசிக்கொள்ளுங்கள். கீழே இறங்கியதும் எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன்பே எண்ணாகப் போனில் தட்டிக் காட்டி முடித்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் ஊர் கைக்கெட்டுகிற தூரத்தில் தெரியும், ஆனால் நடுவில் ஆறு இருப்பதால் சாலை நன்றாகச் சுற்றித்தான் போகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கோயில் வரை சிறிய ஏற்றம், கல் மேடு பள்ளம், டிசம்பரில் முகத்தில் அறைகிற காற்று. முடியவில்லை என்றால் அம்மா மேலே ஏறவே வேண்டாம், அரக்வி, குரா என்ற இரண்டு ஆறுகள் கலக்கிற இடம் நிறுத்துமிடத்துப் பக்கமிருந்தே தெரியும். ஏறினால், உள்ளே நடுவில் எண்கோணப் பீடம் ஒன்று இருக்கும். நான்காம் நூற்றாண்டில் இந்த நாடு கிறிஸ்தவத்துக்கு மாறியபோது நட்ட சிலுவையின் இடம் என்பது நம்பிக்கை. கட்டடம் ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது.

பிறகு கீழே ஸ்வெட்டிட்ஸ்கோவேலி. இங்கே தரை சமம், அம்மாவுக்குச் சிரமம் இல்லை. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். குரூப் டூர்களில் ஜ்வாரிக்கு அரை மணி, இங்கே அரை மணி என்று விரட்டிவிட்டு, மிச்ச நேரத்தை 'இலவச ஒயின் ருசி' என்று கமிஷன் கடையில் கழிப்பார்கள். இப்போதுள்ள கோயில் 1010க்கும் 1029க்கும் இடையில் அர்சுகிட்ஸே என்ற கலைஞர் கட்டியது. வெளியே வடக்குச் சுவரில் நிமிர்ந்து பாருங்கள், கட்டடக் கோணமட்டம் பிடித்த ஒரு கை செதுக்கியிருக்கும். அவர் கையை வெட்டிவிட்டார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். கிழக்குச் சுவரில் இரண்டு காளைத் தலைகள், அவை இதற்கு முன் இங்கே இருந்த ஐந்தாம் நூற்றாண்டுக் கோயிலின் மிச்சம். உள்ளே தரையில் பதிந்திருக்கும் கற்பலகைகளில் பல, அரசர்களின் கல்லறைகள், இரண்டாம் எரெக்லே உட்பட. பார்த்து நடக்கச் சொல்லுங்கள்.

உடை விஷயத்தில் அம்மாவுக்குக் கவலையே இல்லை, புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டால் போதும். உங்கள் மனைவி ஜீன்ஸில் வந்தால் வாசலில் சுற்றிக்கட்டத் துணி வைத்திருப்பார்கள். நீங்கள் அரைக்கால்சட்டை போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு லோபியோ கேளுங்கள், மண்சட்டியில் வரும் பீன்ஸ் குழம்பு, கூடவே சோள ரொட்டி. பெரும்பாலும் சைவம்தான், இருந்தாலும் இறைச்சி சேர்க்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தெருவில் மெழுகுவர்த்தி மாதிரி தொங்கும் சுர்ச்கேலாவை (திராட்சைச் சாற்றில் தோய்த்த கொட்டை மிட்டாய்) வாங்குவதானால் லேசாக அழுத்திப் பாருங்கள், வளைந்தால் புதுசு, கல் மாதிரி இருந்தால் போன வருடத்தது.

டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், காலை பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். திரும்புவதற்குக் கோயில் வாசலில் நிற்கும் டாக்சியைப் பிடிக்காமல், இரண்டு தெரு தள்ளி வந்து ஆப்பில் போடுங்கள். அம்மா எந்த விசாவில் எங்கே திரும்பப் போகிறார் என்பது முடிவாகும்வரை அவருக்கு விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.